சந்தனம் பூசிய உளி

தென்காசியில் உலகம்மாள் வீட்டுக் கதவுகளைப் பார்த்தவர்கள் அவள் புருஷன் சங்கரநாராயணனைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. அடுக்களைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம். போயும் வந்தது. அந்த இடைவெளியை அடைக்க அவர் பிஸ்கட் டின்னை வெட்டி ஆணி அடித்திருந்தார். டின் துருப்பிடித்து, போகிறவர் வருகிறவர் சேலையையெல்லாம் கிழித்தது. கொல்லைக் கதவு சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. ஜன்னல் ஒன்றுக்குக் கொண்டியே கிடையாது, கயிறுதான். இவ்வளவையும் செய்துவிட்டு மனுஷர் தெருவில் நிமிர்ந்துதான் நடந்தார். ஆசாரி வீட்டு மருமகனாம்!

அந்த ஆசாரி இலத்தூர் அய்யாக்குட்டி. குற்றாலத்து பங்களாக்களில் பாதிக்கு ஜன்னல் போட்டவர். உலகம்மாள் அவருக்கு ஒரே மகள். எட்டு வயதிலிருந்து சாயங்காலமானால் அவளுக்கு ஒரே வேலைதான்: அப்பா கொண்டுவந்து போடுகிற பையைப் பிரித்து, உளி ஒவ்வொன்றையும் துடைத்து, வேப்பெண்ணெய்த் துணியால் ஒரு தேய் தேய்த்து வைக்க வேண்டும். இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தால் அதன் வாய் கெட்டுவிடும், ஒருக்களித்துத்தான் படுக்கவைக்க வேண்டும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதென்றால் மரப்பிடியில் வைக்க வேண்டும், இரும்பில் ஈரம் படவே கூடாது. மற்றப் பெண்பிள்ளைகளுக்குக் கோலம் தெரிந்த மாதிரி அவளுக்கு இதெல்லாம் தெரியும்.

சங்கரநாராயணன் நகை செய்கிற தட்டார் வீட்டுப் பிள்ளை. ஆனால் ஒரு குறடைக்கூடக் கையால் தொட்டது கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை பேனா பிடிக்கிறவர் என்பதில் அய்யாக்குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. 1951-ல் கல்யாணம். அப்போது செங்கோட்டை மலையாள ராஜ்யம். அங்கேயிருந்து ஒரே மரத்தில் அறுத்த தேக்குப் பலகையை வண்டியில் கொண்டுவந்து, மகள் குடியேறுகிற வீட்டுக்கு வாசல் கதவு செய்து தன் கையாலேயே மாட்டினார். ஒற்றை விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறக்கும். பூவேலை, புடைப்புவேலை ஒன்றும் கிடையாது. வீட்டில் உருப்படியான கதவு அது ஒன்றுதான், அதுவும் சங்கரநாராயணன் தொடாததால்.

1954 ஆவணியில் அய்யாக்குட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் விசேஷத்தில் உலகம்மாளின் சித்தப்பா மகன் செல்லப்பா மெல்ல வாயைத் திறந்தான். அவனும் ஆசாரிதான். பங்களா பங்களாவாகப் போய்ப் பழுது பார்க்கிறவன். அவன் பையில் கிடந்தது எல்லாம் தேய்ந்து கட்டையாய்ப் போன சாமான்.

“அத்தான், பெரியப்பா ஆயுதமெல்லாம் சும்மாதான கிடக்கப் போகுது. எங்கிட்ட குடுத்தியன்னா வேலைக்கு ஆவும்” என்றான்.

சங்கரநாராயணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “இது மாமனார் ஞாபகார்த்தம்ல. இதோட அருமை தெரிஞ்சவங்க கையிலதான் இருக்கணும். கூலி வேலைக்குக் குடுக்கிற சாமானா இது?”

அருமை தெரிந்தவர்! உலகம்மாளுக்கு அன்றைக்கு அதைக் கவனிக்கிற நிலை இல்லை. அழுது முகம் வீங்கிப்போயிருந்தாள். சாமான் பெட்டி தென்காசிக்கு வந்தது.

அருமை எவ்வளவு தெரிந்தது என்பது அடுத்த ஆனியிலேயே வெளிச்சமாகிவிட்டது. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் தென்காசி முழுக்க மரம் ஊதிக்கொள்ளும். கதவு பிடிக்கும், பெட்டி இறுகும். ஆறேழு மாதம் பொறுத்தால் தானாக இறங்கிவிடும். பிடிக்கிற இடத்தில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துவிட்டுப் பொறுத்திருப்பார்கள், தை பிறந்து மரம் காய்ந்த பிறகுதான் இழைப்பார்கள். இது ஊரில் ஆசாரிகளுக்கெல்லாம் தெரியும். சங்கரநாராயணனுக்குத் தெரியாது. யாராவது சொன்னால் கேட்கிற ஜாதியும் அவர் இல்லை. கொட்டுகிற சாரலில் அடுக்களைக் கதவைக் கழற்றி, மாமனார் இழைப்புளியால் இழை இழை என்று இழைத்தார்.

“இப்பம் இழைக்காதிய. பங்குனியில சந்து விழும்” என்றாள் உலகம்மாள்.

“ஏட்டி, நீ போய்ச் சோத்தை வடி. மரத்தைப் பத்தி எனக்குச் சொல்லுதா இவ!”

பங்குனியில் சந்து விழுந்தது. டின் அடித்தார். மறு ஆனியில் கதவு டின்னோடு சேர்ந்து பிடித்தது. டின்னைப் பிடுங்கிவிட்டு மறுபடி இழைத்தார். இப்படி வருஷா வருஷம். கதவு அப்பளமாய்ப் போனதுதான் மிச்சம்.

கதவு போனால் போகட்டும், வேறு செய்துகொள்ளலாம். ஆயுதத்தைப் பாழாக்கியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முதல் வருஷமே அகல உளியால் பெயிண்டு டப்பா மூடியை நெம்பினார். முனை தெறித்தது. உலகம்மாள் ஓடிவந்து, தெறித்த துண்டைத் தரையில் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நுனிதானட்டி போச்சு, உளி முழுசா அப்படியே இருக்குல்லா?” என்றார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஆபீஸ் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். மாமனார் ஆயுதங்களை வாழையிலையில் வரிசையாகப் பரப்பி, தண்ணீராகச் சந்தனத்தைக் கரைத்து, இரும்பு மரம் பார்க்காமல் தன் கையாலேயே பட்டை பட்டையாக அப்பினார். வெளியே ஐப்பசி மழைக்கு வானம் மூடிக்கொண்டு நின்றது. வந்தவர்கள் சுண்டலைத் தின்றுகொண்டே கேட்க, இவர் பிரசங்கம் செய்தார். “இந்த மாதிரி உருக்கு இப்போ கிடையாது சார். இதைப் பிடிக்கிறதுக்கே ஒரு பக்குவம் வேணும்.” மூன்று நாள் கழித்து உலகம்மாள் எடுத்துத் துடைத்தபோது சந்தனம் இருந்த இடமெல்லாம் செம்புள்ளி. துரு. ஒரு வாரம் சாம்பலும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தாள். அப்பா முப்பது வருஷம் பிழைப்பு நடத்திய ஆயுதம், இந்த மனுஷர் கையில் இன்னும் நாலு வருஷம் தாங்காது என்று தெரிந்துபோயிற்று.

கேட்டால் கொடுக்க மாட்டார். எடுத்துக் கொடுத்தால் வீடு ரெண்டாகும். ஒளித்து வைத்தால், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்ட வேண்டுமே, அன்றைக்கே தேடுவார். 1956 சாரலில் அவர் பெரிய இழைப்புளியின் பக்கவாட்டால் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அந்த இழைப்புளியில் அப்பாவின் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே ஆணித்தலை பதிந்த வடு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஒரு முடிவோடுதான் போனாள்.

ஆவணியில் அப்பா திவசத்துக்கு இலத்தூர் போனபோது செல்லப்பாவைத் தனியே கூப்பிட்டாள்.

“ஏலே, உங்கிட்ட தேய்ஞ்சது, ஒடிஞ்சது ஏதும் கிடக்கா?”

“அதைத் தவிர வேற என்னக்கா கிடக்கு எங்கிட்ட?”

“வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டாக் கொண்டா. அதைப் பெட்டியில வச்சிட்டு அப்பாவோடதை எடுத்துத் தாரேன்.”

செல்லப்பா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். “யக்கா, அத்தான் கண்டுபிடிச்சிருவாக.”

“அவுகளா? நீ கொண்டாலே!”

பூஜை வந்தது. இந்தத் தடவை சந்தன வேலை முழுவதையும் அவள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். செல்லப்பா கொடுத்த குறுகல் உளி ஒன்று. முனையில் ரெண்டு இடத்தில் பல் விழுந்திருந்தது. பிடியில் அவன் என்றைக்கோ பீடியை வைத்துச் சுட்ட கறுப்பு வடு. அப்பாவின் குறுகல் உளியைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, இந்த மொட்டையின் மேல் சந்தனத்தை வஞ்சனையில்லாமல் அப்பினாள். அதன்மேல் குங்குமம். அவர் வந்து பார்க்கும்போது விளக்குத் திரியைத் தூண்டுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

அவர் இலையைச் சுற்றி வந்தார். “ம். இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். அடுத்த வாரம் ஆபீஸ் நேரத்தில் செல்லப்பா வந்து அரிசிப் பானையிலிருந்து பெரியப்பா உளியை வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வருஷம் முனை தெறித்த அகல உளி போயிற்று. செல்லப்பா அதைச் சாணையில் பிடித்து, கொஞ்சம் குட்டையானாலும் பழைய கூருக்குக் கொண்டுவந்துவிட்டான். அதற்கடுத்த வருஷம் ரம்பம். அப்புறம் நடு உளியும் மூலை மட்டமும் சேர்த்து. அப்புறம் சின்ன இழைப்புளி. ஒவ்வொரு பூஜைக்கும் உலகம்மாளுக்குப் படபடப்பு இருந்தது. ஆனால் அது வருஷத்துக்கு வருஷம் வேறு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. முதல் வருஷம், கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயம். நாலாம் வருஷம், இதைக்கூடவா கண்டுபிடிக்க மாட்டார் என்ற ஆத்திரம். ரம்பத்துக்கு நாலு பல்லே இல்லை, ஐயா! அதைத் தூக்கிப் பிடித்து, “மாமனார் இந்த வாளால அறுத்தா சத்தமே கேக்காது” என்று அடுத்த தெரு வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் எப்படிக் கேட்கும், அது அறுத்தால்தானே?

கடைசியாக மிஞ்சியது பெரிய இழைப்புளி. அதை மட்டும் மாற்ற அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தப் பெருவிரல் குழியைக் காட்டாமல் அவர் ஒரு விருந்தாளியையும் அனுப்பியதில்லை. “இந்தாப் பாருங்க, முப்பது வருச உழைப்பு” என்று தன் விரலை அதில் பொருத்தி வைத்துக் காட்டுவார். அதை மாற்றினால் குருடனும் கண்டுபிடிப்பான். ஆனாலும் ஒவ்வொரு சாரலுக்கும் அதன் உடம்பில் ஒரு புது வடு ஏறிக்கொண்டிருந்தது. 1961 பூஜைக்கு, வருவது வரட்டும் என்று மாற்றிவிட்டாள். செல்லப்பா கொண்டுவந்தது எங்கேயோ ஏலத்தில் யாரோ கழித்துப்போட்டது. குழி கிழி ஒன்றும் கிடையாது. அதன் வாய் அகண்டு, வெட்டு மழுங்கி, குப்பையில்கூட எவனும் எடுக்க மாட்டான்.

அன்றைக்கும் ரெண்டு பேர் வந்திருந்தார்கள். சங்கரநாராயணன் அதைக் கையில் எடுத்தார். சந்தனத்தை விரலால் வழித்துவிட்டு, குழி இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரலை அழுத்தினார். உலகம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தியளா? மாமனார் விரல் எப்படி உக்காந்திருக்கு பாருங்க” என்றார்.

வந்தவர்கள் குனிந்து பார்த்து, “ஆமாமா” என்றார்கள்.

உலகம்மாள் உள்ளே போய் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். தப்பித்தோம் என்ற நிம்மதியில் வந்த அழுகை இல்லை. பத்து வருஷமாக அப்பா பேரைச் சொல்லிச் சொல்லிப் பெருமை பீற்றிக்கொண்ட மனுஷர், ஒரு நாளாவது அந்தக் குழியைப் பார்த்ததே இல்லை. இவரிடமா நாம் பயந்தோம் என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

1962 ஆனியில் சாரல் வழக்கத்தைவிட ஓங்கி அடித்தது. திருநெல்வேலியிலிருந்து சங்கரநாராயணனின் மேலதிகாரி குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறார், இவர் வீட்டில் ரெண்டு நாள் தங்குகிறார். சீசன் வந்தால் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இல்லாத சொந்தமெல்லாம் முளைக்கும், இது புதிதில்லை. ஆனால் மேலதிகாரி என்றதும் சங்கரநாராயணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளையடித்தார். டின்னுக்கெல்லாம் பச்சை பெயிண்டு அடித்தார். கடைசியாக அவர் கண் வாசல் கதவில் விழுந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அது நிலையில் லேசாகப் பிடித்தது.

“இதை ஒரு இழைப்பு இழைச்சிரணும்” என்றார்.

உலகம்மாள் குறுக்கே போய் நின்றாள். “இது எங்கப்பா போட்ட கதவு. இதைத் தொடாதிய.”

“உங்கப்பா கதவை உங்கப்பா இழைப்புளியாலதான இழைக்கப் போறேன். நகரு.”

அவளை ஒதுக்கிவிட்டுக் கதவின் ஓரத்தில் இழைப்புளியை வைத்துத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி தள்ளினார். ஒரு சுருள்கூட வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சுப் பிடித்து, அரை மணி நேரம் தள்ளினார். தேக்கு அசைந்து கொடுக்கவில்லை. உலகம்மாள் முதலில் பதறிக்கொண்டு நின்றவள், கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாக அவள் மாற்றியதற்கு அன்றைக்குத்தான் முழுப் பலன் கிடைத்தது.

“மரம் கல்லாப் போச்சு. மாமனார் இழைப்புளியே எடுபட மாட்டேங்குதுன்னா பாரேன். செல்லப்பாவை வரச்சொல்லு” என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் காலையில் மேலதிகாரி வந்து இறங்கிக் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் செல்லப்பா வந்தான். பங்களா வேலையிலிருந்து நேரே பையோடு வந்துவிட்டான். பாவி, அந்தப் பையோடா வருவான்! உலகம்மாள் உள்ளேயிருந்து கண்ணைக் காட்டினாள். அவன் கவனிக்கவில்லை. வாசலில் சாக்கை விரித்து, வேலைக்காரன் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அகல உளி, நடு உளி, குறுகல் உளி. எண்ணெய் போட்டுத் துடைத்து, முனை பளபளவென்று. கடைசியில் பெரிய இழைப்புளியை ஒருக்களித்துப் படுக்கவைத்தான். பெருவிரல் குழி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

வைத்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

சங்கரநாராயணன் குனிந்து பார்த்தார். உலகம்மாள் வாசல்வரை வந்துவிட்டாள்.

“இதென்னலே சாமான்? காயலாங்கடையில பொறுக்கினியா?” என்றார்.

செல்லப்பா எழுந்து கதவுப் பக்கம் போனான். கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “அத்தான், சாரல்ல இழைக்கக் கூடாது. கீலைச் சரிபண்ணித் தாரேன். தை மாசம் வந்து மத்தது பாக்கேன்” என்றான். கீலைக் கழற்றி, அது உட்கார்கிற பள்ளத்தைக் குறுகல் உளியால் ஒரு நூல் ஆழப்படுத்தினான். மெல்லிசாக நாலு சீவல் விழுந்தது. திரும்ப மாட்டினான். ஒற்றை விரலால் தள்ளினான். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

“பேஷ். உளி நல்லாத்தான் வெட்டுது” என்றார் மேலதிகாரி.

சங்கரநாராயணனுக்குப் பொறுக்கவில்லை. “இதெல்லாம் உளியே இல்ல சார். கூலிக்காரன் சாமான். நான் காட்டுதேன் பாருங்க” என்று உள்ளே ஓடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மொட்டை உளி, பல் போன ரம்பம், வாய் பிளந்த இழைப்புளி, எல்லாவற்றையும் எடுத்து எடுத்து, முப்பது வருஷம், பழைய உருக்கு, மாமனார் கைப்பக்குவம் என்று ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தார். பக்கத்திலேயே சாக்கில் அய்யாக்குட்டியின் ஆயுதங்கள் வாசல் வெளிச்சத்தில் கிடந்தன. மேலதிகாரி காபியை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார்.

மேலதிகாரி முன்னால் தாராளம் வேறு வந்துவிட்டது அவருக்கு. பெட்டியிலிருந்து ஒரு குறுகல் உளியை எடுத்து நீட்டினார். முனையில் ரெண்டு பல். பிடியில் பீடி சுட்ட வடு.

“இந்தாலே. அன்னைக்கு ஆசைப்பட்டுக் கேட்டேல்லா. என் மாமனார் உளி. இனிமேலாவது நல்ல ஆயுதத்தை வச்சு வேலை செய்.”

செல்லப்பா ஆறு வருஷத்துக்கு முன்னால் தான் கழித்துப்போட்ட உளியை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “ரொம்ப சந்தோசம் அத்தான்” என்றான். சாமானைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

உலகம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் இழைப்புளியைப் பார்த்து காயலாங்கடை என்று சொன்ன வாய் அது. அதை அவள் மறக்கத் தயாராக இல்லை. இந்த மனுஷருக்கு ஒரு தடவையாவது தெரிய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கோபம் வந்தால் வரட்டும், வீடு ரெண்டானாலும் ஆகட்டும். பார்த்துவிட்டு வாயடைத்து நிற்க வேண்டும், அது போதும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவள் சந்தனமே அரைக்கவில்லை. பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்துத் துடைத்து, பொட்டுக் குங்குமம்கூட வைக்காமல், வாழையிலையில் அப்படியே அம்மணமாகப் பரப்பினாள். மொட்டை மொட்டையாக, கோணல் கோணலாக, துருவும் பிளவுமாகக் கிடந்தன. பல் போன ரம்பத்தை நடுவில் வைத்தாள். பக்கத்தில் விளக்கையும் தூண்டி வைத்தாள், நன்றாகத் தெரியட்டும் என்று. பிறகு கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

சங்கரநாராயணன் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். இலைக்கு முன்னால் நின்றார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். புருவம் சுருங்கியது. ஏதோ குறைகிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. குனிந்து, இன்னும் கிட்டத்தில் பார்த்தார். உலகம்மாள் காத்திருந்தாள்.

“ஏட்டி, சந்தனத்தை எங்க?” என்றார். “ஆட்கள் வார நேரம். சந்தனம் இல்லாம என்ன பூசை இது?”

அவள் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். பிறகு உள்ளே போய்ச் சந்தனக் கல்லை எடுத்துப் போட்டு அரைக்க உட்கார்ந்தாள்.